கைக்குட்டையின் மறுமுனை

மேடையில் வீற்றிருக்கும் அருள்தந்தை நெக்தாரியோஸ் அவர்களே, ஊர்த் தலைவர் கிளியாந்திஸ் பெக்காஸ் அவர்களே, முன்னாள் தலைவர் ஸீகோஸ் அவர்களே, யோவானினா நகரிலிருந்து மலைப்பாதையில் பனியைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் அகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியர் யோர்தானிஸ் மெலாஸ் அவர்களே, அம்மையாரின் தங்கை மகள் ஊரானியா அவர்களே, அடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் மாவ்ரோலிதி ஊர் மக்களே, உள்ளே இடமில்லாமல் வாசலில் நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்ததற்குக் காரணம் உண்டு. கூட்டத்தில் ஒருவர் பெயரை மறந்து விட்டுவிட்டால் அது மறதி. தெரிந்தே விட்டுவிட்டு, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து மகிழ்ந்தால் அது வேறு. அந்த 'வேறு' என்ன என்பதைச் சொல்வதற்காகத்தான் சொல்லாராய்ச்சி அறிஞர் லம்ப்ரினி கரவசிலி அம்மையார் தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார்.

காலையில் கோயிலில் நாற்பதாம் நாள் வழிபாடு முடிந்தது. சர்க்கரையும் மாதுளை முத்துகளும் கலந்த கோதுமையை உண்டோம். காப்பி குடித்தோம், குளிருக்குக் கொஞ்சம் பிராந்தியும் குடித்தோம். அவரை நினைத்திருக்க நமக்கு ஆயுள் கிடைக்கட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அழ வேண்டியவர்கள் அழுதாகிவிட்டது. எழுபத்தொன்பது வயது வரை தெளிந்த அறிவோடும் கூர்மையான நாக்கோடும் வாழ்ந்து, சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் கண்ணை மூடிய ஒருவருக்காக எவ்வளவு நேரம் வருந்துவது? இனி நிறைந்த மனத்தோடு பேசலாம். அவர் இருந்தால் அதைத்தான் விரும்புவார். "சுருக்கமாப் பேசுங்க நிருபரே" என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பார். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நாற்பது ஆண்டு நட்பில் எனக்கு அவர் கொடுத்த பட்டம் 'நிருபரே' என்பதுதான்.

அவருக்கு நாம் கொடுத்த பட்டம் 'டீச்சர்'. நகரத்து உயர்நிலைப் பள்ளியில் அவர் கொஞ்ச காலம்தான் பாடம் நடத்தினார். பிறகு அகராதி அலுவலகத்துக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஆனாலும் ஊருக்கு அவர் டீச்சர்தான். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவது ஒரு வேலை என்றே இங்கே பலர் நம்பவில்லை. "நாம பேசறதுக்கெல்லாம் அர்த்தம் எழுதறதுக்கு கவர்மெண்டு சம்பளம் கொடுக்குதா?" என்று ஸீகோஸ் அவர்கள் காப்பிக்கடையில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "நீங்க பேசறதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கணும்னா ரெட்டைச் சம்பளம் கொடுக்கணும்" என்று டீச்சர் சொன்னதும் நினைவிருக்கிறது. ஸீகோஸ் அவர்கள் இப்போது சிரிப்பதைப் பார்க்கிறேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

எத்தனையோ சொற்களுக்கு அவர் பொருள் எழுதினார். ஆனால் ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் சண்டை போட்டார். அந்தச் சொல் நம் எல்லோருக்கும் தெரியும். இவ்ரிஸ். வெளிநாட்டார் அதை ஹூப்ரிஸ் என்கிறார்கள். கிளியாந்திஸ் அவர்களுடைய விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணிகள், கற்பாலத்தைப் படம் எடுத்து முடித்ததும் இந்தச் சொல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உலகம் முழுவதும் இதற்குச் சொல்லும் பொருள் ஒன்றுதான்: அளவு மீறிய செருக்கு. பழைய நாடகங்களில் அரசன் ஒருவன் தன்னைத் தெய்வத்துக்கு நிகராக நினைப்பான். தெய்வம் அவனைத் தரையில் வீழ்த்தும். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்தது அது. நான் பத்திரிகையில் எழுதியதும் அதுதான். தேர்தலில் தோற்ற அமைச்சரா? இவ்ரிஸ். மூழ்கிய கப்பலா? இவ்ரிஸ். எந்தத் தலைப்புக்கும் பொருந்திய சொல் அது.

டீச்சருக்குப் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை?

ஒருநாள் நான் அவருடைய சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அடைக்காக அவர் லீக் என்னும் பெரிய வெங்காயத்தாள்களை நறுக்கிக்கொண்டிருந்தார். இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். ஒரு செய்தி வந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்றார். யார், யாருக்கு, என்ன செய்தார், ஏன் செய்தார் என்று கேட்பேன் என்றேன். சொல்லையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்றார் அவர். செருக்கு என்று எழுதிவிட்டால் 'யார்' மட்டும்தான் இருக்கிறது. 'யாருக்கு' எங்கே?

பிறகு விளக்கினார். பழைய ஏதென்ஸில் இவ்ரிஸ் என்பது ஒரு குற்றம். அதற்காக வழக்குத் தொடுக்க முடியும். ஒருவன் கர்வமாக நடக்கிறான் என்பதற்காக அல்ல. ஒருவனை ஒருவன் அடித்தால் அது அடிதடி. அடித்துக் கீழே தள்ளிவிட்டு, விழுந்தவன் முன்னால் நின்று, கைகளைச் சிறகு மாதிரி அடித்துச் சேவலைப் போலக் கூவிக் காட்டிய ஒருவனைப் பற்றிய வழக்கு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இவ்ரிஸ் என்பது அந்தக் கூவல். தனக்கு ஒரு லாபமும் இல்லாமல், பழிவாங்கலும் இல்லாமல், இன்னொருவரைச் சிறுமைப்படுத்தும் இன்பத்துக்காகவே சிறுமைப்படுத்துவது. அடிமைக்கு அதைச் செய்தால்கூடக் குற்றம் என்று சட்டம் சொன்னது. எந்த உரிமையும் இல்லாதவனுக்கும் அந்த ஓர் உரிமை இருந்தது.

"அப்ப பெருமை?" என்று கேட்டேன்.

"பெருமைக்கு நம்மகிட்ட வேற வார்த்தையா இல்ல? டஜன் கணக்குல இருக்கு. பெருமைக்காரன் தன்னையே பாத்துக்கிட்டிருப்பான், பாவம். இவன் அடுத்தவன் முகத்தைப் பாக்கறவன்."

நாடகங்களிலும் கவிதைகளிலும் இந்தச் சொல் வரும் இடங்கள் எல்லாவற்றையும் அவர் அறிவார். கடிவாளத்துக்கு அடங்காமல் உதைக்கும் கழுதைக்கு இந்தச் சொல்லைப் பழையவர்கள் ஆண்டிருக்கிறார்கள். பழம் தராமல் இலையாகவே கொழுத்துப் படரும் கொடிக்கும் ஆண்டிருக்கிறார்கள். ஜெர்மானியப் பயணி ஒருவர் அவரிடம் இவ்ரிஸுக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது, அவர் ஸீகோஸ் அவர்களுடைய கழுதையைக் காட்டினார். அந்த மனிதர் அதைத் தத்துவம் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

அருள்தந்தை அவர்களே, உங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. செருக்கு என்ற பாவத்தைப் பற்றிய பிரசங்கத்தில் நீங்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினீர்கள். வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் அவர் உங்கள் கையை முத்தமிட்டுவிட்டுச் சொன்னார்: "சாமி, அகந்தை உங்க வார்த்தை. அதை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இது கோர்ட்டு வார்த்தை. இங்க சாட்சி வேணும்." அடுத்த ஞாயிறு நீங்கள் அகந்தைக்கே திரும்பிவிட்டீர்கள்.

அகராதி அலுவலகத்தில் மட்டும் அவ்வளவு எளிதாக முடியவில்லை. யோர்தானிஸ் அவர்கள் நல்லவர், ஆனால் விடாப்பிடியானவர். உலகமே செருக்கு என்று சொல்லும்போது அதை முதல் பொருளாகப் போடாமல் இருக்க முடியாது என்றார். இரண்டாவதாகப் போடுங்கள் என்றார் டீச்சர். இந்தச் சண்டை அவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் தொலைபேசியில் தொடர்ந்தது. வாழும் மனிதர்களிடமிருந்து ஓர் எடுத்துக்காட்டு கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று யோர்தானிஸ் அவர்கள் சவால் விட்டார். செத்துப்போன ஏதென்ஸ்காரர்கள் போதாது என்றார்.

அந்த எடுத்துக்காட்டை நாம் கொடுத்தோம், அன்பர்களே. நம் ஊர்தான் கொடுத்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய ஆகஸ்டு மாதம். கிளியாந்திஸ் அவர்கள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து திரும்பி வந்து சில காலம் ஆகியிருந்தது. விடுதி கட்டினார். இடிந்துகிடந்த ஊற்றுக்குப் பளிங்குச் சுவர் எழுப்பினார். பளிங்கில் தேவமாதாவின் பெயரும் இருந்தது, அவர் பெயரும் இருந்தது. எது பெரிய எழுத்து என்பதைத் தண்ணீர் பிடிக்கப் போன எல்லோரும் பார்த்தோம். விடுதியின் மூன்றாம் மாடி மணிக்கூண்டைவிட உயர்ந்தது. கோயிலுக்கு வெள்ளை சூட் போட்டுக்கொண்டு வந்தார். காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு, "நான் இல்லேன்னா இந்த ஊர்ல ஆடு மேய்ஞ்சிருக்கும்" என்றார். கிளியாந்திஸ், இதையெல்லாம் சொல்ல உங்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொன்னதும் நீங்கள்தான். நேரமில்லை.

அந்த ஜூலையில் மின்னல் அடித்து விடுதியின் பெயர்ப்பலகை கருகியது. ஊருக்கு எவ்வளவு சந்தோஷம்! இவ்ரிஸ் வந்தால் பின்னாலேயே தண்டனை வரும், நாடகத்தில் படித்தோமே என்று காப்பிக்கடையே பேசியது. டீச்சர் மட்டும் சேரவில்லை. "மின்னல் நாடகம் படிச்சதில்ல. உசரமா இருக்கறதை அடிக்கும். அடுத்த தடவ மணிக்கூண்டை அடிச்சா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். அவருக்குக் கிளியாந்திஸைப் பிடித்திருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பளிங்கைக் கடக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு தேவமாதாவின் திருவிழா வந்தது. வழிபாடு முடிந்து, மதிய வெயிலில், சதுக்கத்து மரத்தடியில் ஆட்டம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் அருள்தந்தை, பிறகு வீட்டு வரிசைப்படி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை. அந்த வீட்டுக்காரர் முன்னால் வந்து கைக்குட்டையை நீட்டுவார். மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியை நம்பித்தான் முன்னால் நிற்பவர் குதிக்கிறார், சுழல்கிறார், தரை வரை சாய்கிறார். பிடிப்பவர் வேறு வீட்டவராக இருக்க வேண்டும் என்பது நம் விதி. உன் வீட்டார் உன்னைத் தாங்குவதில் என்ன விசேஷம்? அடுத்த வீட்டான் தாங்குகிறானா என்பதுதான் கேள்வி.

கிளியாந்திஸின் வீட்டு முறை வந்தது. அந்த ஆண்டு அவருக்கு அது முக்கியமான முறை. மகள் மெல்ப்போவுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடலோரத்திலிருந்து வந்து முதல் மேசையில் அமர்ந்திருந்தார்கள். தன் ஊரில் தனக்கு இடம் உண்டு என்று அவர்களுக்குக் காட்ட வேண்டிய நாள். காட்ட முடியாவிட்டால் விடுதியை விற்றுவிட்டு ஸ்டுட்கார்ட்டுக்கே போய்விடுவார் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதற்காகவே சிலர் காத்திருந்தார்கள்.

கிளாரினெட் கிரிகோரிஸ் ஆரம்ப அடியை வாசித்தார். கிளியாந்திஸ் வெள்ளை சூட்டில் முன்னால் வந்து கைக்குட்டையை நீட்டினார்.

யாரும் எழவில்லை.

யாரும் திட்டமிட்டதாகச் சொல்லவில்லை. கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. அப்போது தலைவராக இருந்த ஸீகோஸ் அவர்கள் காலையில் இரண்டு பேரிடம் கண்ணடித்தார். அவர்கள் மற்றவர்களிடம் கண்ணடித்தார்கள். ஒரு ஊருக்கு அவ்வளவு போதும். கிரிகோரிஸ் அதே அடியைத் திரும்ப வாசித்தார். மறுபடியும் வாசித்தார். வயலின்காரர் தன் செருப்பைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கைக்குட்டையின் மறுமுனை காற்றில் ஆடியது. மெல்ப்போ எழப்போனாள், உட்கார்ந்தாள். தன் வீட்டுப் பெண் பிடித்தால் அது இன்னும் பெரிய அவமானம்.

அப்போது யாரோ சிரித்தார். பிறகு கோப்பைக்குள் பலர் சிரித்தார்கள்.

நான் மரத்தடியில் புகைப்படக் கருவியோடு நின்றிருந்தேன். எங்கள் தொழிலில் முகங்களைப் பார்க்கப் பழகியிருக்கிறோம். அன்றைக்குச் சதுக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்பத்தோடு பார்த்தார்கள். கெட்டவர்களா அவர்கள்? இல்லையே! அந்த வாரம்தான் எரிந்த ஒரு கொட்டகையைக் கூடி நின்று திரும்பக் கட்டிக் கொடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள்தான் அதைச் செய்தார்கள்.

லம்ப்ரினி அம்மையார் எழுந்தார். அவருடைய வலது முழங்கால் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கைத்தடியை என்னிடம் கொடுத்தார். சதுக்கத்தின் குறுக்கே மெதுவாக நடந்துபோய், தொங்கிய முனையைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"பிடிச்சிருக்கேன். ஆடு."

"டீச்சரம்மா, உங்க கால்..."

"கால் என்னோடது. நீ ஆடு." கிரிகோரிஸ் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் மெதுவா வாசி" என்றார்.

கிளியாந்திஸ் ஆடினார். எப்போதும் குதிப்பவர், அன்று குதிக்கவில்லை. அம்மையாரின் முழங்காலுக்கு ஏற்றபடி அடி வைத்தார். தன்னைத் தாங்குபவரைத் தான் தாங்கியபடி ஒருவர் ஆடியதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு சுற்று முடிவதற்குள் அருள்தந்தை எழுந்து மூன்றாவதாகச் சேர்ந்தார். பிறகு ரொட்டிக்கடை வீட்டார். பிறகு ஆற்றங்கரைக்காரர்கள். ஸீகோஸ் அவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் நேரே அவர் மேசைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"கல்லுல பேரை வெட்டிக்கிட்டது பெருமை. அது அசிங்கமா இருக்கு, நானே சொல்றேன். அதனால இங்க யாருக்கும் ஒரு கீறல் விழல. நீங்க இப்ப செஞ்சீங்களே, அதுதான் இவ்ரிஸ். இவ்வளவு நாளா நான் தேடின எடுத்துக்காட்டு. ரொம்ப நன்றி."

அவர் உட்கார்ந்து, தமக்கு ஒரு கோப்பை சிபூரோ சாராயம் வேண்டும் என்று கேட்டார். ஸீகோஸ் அவர்களே தம் குப்பியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இது நல்லவர் ஒருவரின் கதை. அப்படிப்பட்ட கதைகளை டீச்சர் நம்பமாட்டார். கிளியாந்திஸ் அவர்கள் மறுநாள் அவருக்கு ஒரு பழக்கூடை அனுப்பினார். கூடையைச் சுற்றித் தங்க எழுத்தில் விடுதியின் பெயர் பொறித்த பட்டை. டீச்சர் பழங்களைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டையைத் திருப்பி அனுப்பினார். "மனுஷன் மாறல. மாறணும்னு நான் கைக்குட்டையைப் பிடிக்கல" என்றார் என்னிடம்.

அடுத்த வசந்தத்தில் ஊர்த் தேர்தல். வென்றவர் கிளியாந்திஸ். ஊர் அப்படியே புரண்டு படுத்தது. போன ஆண்டு கோப்பைக்குள் சிரித்தவர்கள் இந்த ஆண்டு புதிய தலைவர் எதைச் சொன்னாலும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆகஸ்டு நெருங்க நெருங்க, கண்ணடிப்பதும் தொடங்கியது. இந்த முறை ஸீகோஸின் கைக்குட்டை தொங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஸீகோஸுக்கும் தெரிந்தது. மனைவியை இழந்த மனிதர், பிள்ளைகள் வெளிநாட்டில். அந்தச் சதுக்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை குதிப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த கொண்டாட்டம்.

டீச்சர் என்னை வண்டி எடுக்கச் சொன்னார். விடுதிக்குப் போனோம். கிளியாந்திஸ் எங்களுக்கு நல்ல மேசை போட்டார், ஆட்டுக்கறி வைத்தார், தாமும் உட்கார்ந்தார். டீச்சர் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். திருவிழாவில் என்ன நடக்கப்போகிறது என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சரம்மா. ஊரு தானா முடிவு பண்ணுது."

"போன வருஷமும் ஊரு தானாத்தான் முடிவு பண்ணுச்சு."

"அந்தாளு என்னைப் பாத்து எப்படிச் சிரிச்சான்னு நீங்க பாத்தீங்கல்ல? என் சம்பந்தி முன்னாடி. கழுதை கத்தற மாதிரி."

"பாத்தேன். இப்ப நீ எப்படிச் சிரிக்கறேன்னும் பாக்கறேன். வாயில தேன் வச்ச மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கும், கிளியாந்தி. நல்லா இல்லேன்னா யாரு செய்வா?"

கிளியாந்திஸ் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, அப்படியென்றால் நீங்களே போய் அவனுக்குப் பிடியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

"நான் பிடிக்க மாட்டேன்" என்றார் டீச்சர். "அன்னிக்கு என் முறை. இன்னிக்கு உன் முறை."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றார். திரும்பும் வழியில் பளிங்கைக் கடந்தபோது வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்பர்களே, நான் கலவரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். தீர்ப்புகளுக்காக நீதிமன்றத் தாழ்வாரங்களில் நின்றிருக்கிறேன். அந்த ஆகஸ்டு மதியம் ஸீகோஸ் வீட்டு முறைக்காகக் காத்திருந்தது போல வேறெங்கும் காத்திருந்ததில்லை.

ஸீகோஸ் முன்னால் வந்தார். கைக்குட்டையை நீட்டவில்லை. முஷ்டிக்குள் கசக்கி வைத்திருந்தார். நீட்டினால்தானே மறுக்க முடியும்? கிரிகோரிஸ் ஆரம்ப அடியை வாசித்தார். எல்லாக் கண்களும் தலைவர் பக்கம் போயின. சிரிப்பதற்கு அனுமதி கேட்கும் கண்கள். கிளியாந்திஸ் அசையவில்லை. டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை; தட்டில் இருந்த மீன்முள்ளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். கிரிகோரிஸ் மறுபடியும் வாசித்தார்.

கிளியாந்திஸ் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நேரே போய்க் கையை நீட்டினார்.

"கொடுய்யா."

ஸீகோஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் சாயும்போது விட்டுற மாட்டியே?"

"விட்டா நீ விழுவ. விழுந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியவன் நான். நாந்தானே தலைவர்? கொடு, வெயில் ஏறுது."

சதுக்கம் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. இதில் யாரும் யார் முகத்தையும் வேவு பார்க்கவில்லை. ஸீகோஸ் அன்று குதித்தது போல் தன் இருபது வயதில்கூடக் குதித்திருக்கமாட்டார். தலை தரையைத் தொடும்வரை சாய்ந்தார். கிளியாந்திஸின் தோள் அந்த இழுப்பில் பிசகி, வலி போக ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுவதும் விடுதிக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளியிடமும், ஸீகோஸைத் தாங்கிய தோள் இது என்று தொட்டுக் காட்டினார். பெருமை அப்படியே இருக்கிறது என்று நான் டீச்சரிடம் சொன்னேன். "இருக்கட்டும். அதுபாட்டுக்கு ஒரு மூலையில இருக்கட்டும். யாரையும் மிதிக்கலையே" என்றார் அவர். அவ்வளவு நிறைவாக அவரை நான் பார்த்ததில்லை.

யோர்தானிஸ் அவர்கள் கேட்ட எடுத்துக்காட்டைத் தொலைபேசியில் சொன்னது நான்தான். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், கைக்குட்டையை ஊர் பிடிக்காமல் போனதைவிடக் கிளியாந்திஸ் பிடித்ததுதான் நல்ல விளக்கம் என்றார். சென்ற ஆண்டு வெளிவந்த தொகுதியில் இவ்ரிஸ் என்ற சொல்லுக்கு முதல் பொருள், பிறரைச் சிறுமைப்படுத்தி அதில் இன்பம் காண்பது. செருக்கு இரண்டாவதாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் போனார். பார்த்தபோது என்ன சொன்னார் என்று ஊரானியா சொன்னார்: "அச்சு நல்லா இருக்கு. அடையைத் திருப்பிப் போடு, கருகுது."

என்ன மனுஷி! ஒரு சொல்லை இப்படிக் காப்பாற்றியவர் எத்தனை பேர்? ஒரு சொல்லைக் காப்பாற்றப் போய் இரண்டு மனிதர்களைக் காப்பாற்றியவர் எத்தனை பேர்? அந்த இருவரும் எப்படிப்பட்டவர்கள்? ஒருவரை அவருக்குப் பிடிக்காது. இன்னொருவருக்கு அவரைப் பிடிக்காது. பிடித்தவர்களுக்குக் கை கொடுப்பதற்கு அகராதி எதற்கு?

இப்போது நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

கரவசிலி வீட்டில் இனி யாரும் இல்லை. டீச்சர் கடைசி ஆள். ஊரானியா தங்கை மகள். நம் வழக்கப்படி வேறு வீட்டுப் பெண். ஆள் இல்லாத வீட்டின் முறையைத் தாண்டிப் போவது நம் பழக்கம். இப்படித் தாண்டித் தாண்டித்தான் வரிசை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஊர்ச் சபை கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அதை அறிவிக்கும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். வரும் ஆகஸ்டிலும், அதற்கு அடுத்த ஆகஸ்டிலும், நம் சதுக்கத்தில் கிளாரினெட் ஒலிக்கும்வரை, கரவசிலி வீட்டு முறை தாண்டப்படாது. அந்த வீட்டின் பெயரால் ஊர் ஆடும். நம் வரிசையில் இடம் இல்லாமல் ஓரமாக நின்று பார்க்கும் புதுக் குடித்தனக்காரர்கள் யாரும் அந்த முறையில் முன்னால் வரலாம். பிடிப்பதற்கு ஊரே இருக்கிறது. அவருடைய வேலையை நாம் தொடர்வது என்றால் இதுதான். அகராதியை யோர்தானிஸ் அவர்கள் பார்த்துக்கொள்வார்.

ஆனால் முதல் ஆண்டு முன்னால் நின்று ஆடுவது யார் என்பதில் இன்னும் இழுபறி. தலைவர் அவர்கள் தனக்குத்தான் உரிமை என்கிறார். முதலில் அவர் பிடித்தது என் கைக்குட்டையை என்கிறார். முன்னாள் தலைவர் அவர்கள், அவருக்குச் சரியான எடுத்துக்காட்டைக் கொடுத்ததே நான்தான், எனக்குத்தான் உரிமை என்கிறார். காலையில் கோதுமை வாங்கும் வரிசையில்கூட இந்தச் சண்டை நடந்தது. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் நிருபர், தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை, கேள்வி கேட்பதுதான் என் வேலை. ஆகவே முன்னால் நிற்பது யார் என்று கேட்கப்போவதில்லை. இந்த அரங்கில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லம்ப்ரினி கரவசிலியின் வீட்டுக்காக, யார் ஆடினாலும், உங்களுக்குப் பிடித்தவரோ பிடிக்காதவரோ, இரண்டாவதாக நின்று மறுமுனையைப் பிடிக்க யார் தயார்? கையை உயர்த்துங்கள்.

நன்றி. வாசலில் நிற்பவர்களையும் பார்த்துவிட்டேன். அருள்தந்தை அவர்களே, நன்றி. கிளியாந்திஸ், கையை இறக்கலாம், தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸீகோஸ், நீங்களும் இறக்கலாம்; ஒரு கை போதும், இரண்டு கையும் வேண்டாம்.